ஏழாவது நிமிடத்து மேடு

வியாழக்கிழமை பதினோரு மணிக்குச் செண்ட்டு சார் நேரில் வருகிறார் என்று கடிதம் வந்ததிலிருந்து தராசக்காவுக்குப் பசியே எடுக்கவில்லை. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். எட்டு வருஷமாக அந்த ஆள் மேல் கறுவிக்கொண்டிருந்தவள் அவள். மன்னிப்பது பெரிய குணம் என்று யாராவது சொன்னால், "அப்ப நீங்களே வெச்சுக்கங்க" என்பாள்.

தராசக்கா என்பது சோதனைக்கூடத்தில் வைத்த பெயர். இ-சிகரெட்டில் ஊற்றுகிற திரவத்தில் நிகோடின் எவ்வளவு இருக்கிறது, அதைச் சூடாக்கினால் வருகிற ஆவியில் எவ்வளவு வருகிறது என்று அளந்து சொல்வது அவள் வேலை. அந்தத் திரவத்தைப் பைப்பெட் என்கிற கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி அளக்கிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இது தண்ணியில்ல சாமி, கிளிசரின். கொஞ்சம் கண்ணாடியிலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். தராசுல வைங்க" என்று பிடுங்கி வைப்பாள். அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வேறொரு சோதனைக்கூடத்தில் இருந்தாள். அங்கே தலைவர் செண்ட்டு சார். அறைக்குள் அவர் வருவதற்கு முன் அவருடைய வாசனை வந்துவிடும். நுணுக்கமாக வேதிப்பொருள் அளக்கிற இடத்தில் தலைவரே வாசனைத் தைலத்தில் குளித்துவிட்டு வந்தால் யார் போய்ச் சொல்வது? ஒருவரும் சொல்லவில்லை, பெயர் மட்டும் வைத்தார்கள்.

ஒரு நாள் அவளிடம் ஒரு மாதிரி வந்தது. ஒரு பாட்டில் திரவம், கூடவே இலவசமாக ஒரு கார்ட்ரிட்ஜ். பாட்டில் மேல் பெரிய எழுத்தில் 'நிகோடின்: 0' என்று போட்டிருந்தது. கார்ட்ரிட்ஜ் என்பது கட்டைவிரல் அளவு டப்பா. உள்ளே கொஞ்சம் பஞ்சு, பஞ்சைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள். திரவத்தை ஊற்றினால் பஞ்சு குடிக்கும், கம்பி சூடாகும், ஆவி வரும். அவள் திரவத்தை அளந்தாள்: நிகோடின் இல்லை. கார்ட்ரிட்ஜில் ஊற்றி, புகைக்கிற இயந்திரத்தில் மாட்டி, ஆவியை வடிகட்டித் தாளில் பிடித்து அளந்தாள்: நிகோடின் இருந்தது, தாராளமாகவே இருந்தது.

இரண்டையும் அப்படியே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். செண்ட்டு சார் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பாட்டில்ல இல்லாதது ஆவில எங்கேருந்துமா வரும்? மேல இருந்து குதிக்குமா?"

"தெரியல சார். ஆனா வருது."

"பிளாங்க் ஓட்டினியா?"

அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். எதுவும் கலக்காத சுத்தமான கார்ட்ரிட்ஜை அதே இயந்திரத்தில் ஓட்டி, இயந்திரமும் கண்ணாடியும் கையும் சுத்தம் என்று முதலில் காட்டியிருக்க வேண்டும். அதற்குப் பெயர் பிளாங்க். வந்ததே ஒரு கார்ட்ரிட்ஜ், வேறொன்றுக்கு எங்கே போவாள்? 'சாயங்காலத்துக்குள் முடி' என்று அவசரப்படுத்தியதும் அவரேதான். "இல்ல சார்" என்றாள்.

அவர் பேனாவை எடுத்துத் தன் கையாலேயே குறிப்பு எழுதினார். 'திரவத்தில் நிகோடின் இல்லை. ஆவியில் காணப்பட்டது. காரணம் பகுப்பாய்வாளரின் கை மாசு. இவர் வீட்டில் புகைப்பவர் இருக்கிறார்.' கீழே கையெழுத்து, தேதி. அடுத்த மாதம் அவள் வேலை போயிற்று. போன இடத்திலெல்லாம் அந்தக் குறிப்பு அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. 'அழுக்குக் கை' என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொல்லிச் சிரித்தார். மூன்று வருஷம் வீட்டில் இருந்தாள். பிறகு இந்தக் கூடத்தில் பாட்டில் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக மறுபடி தராசுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

குறிப்பு வந்த அன்று சாயங்காலம் அவள் செய்த காரியத்தையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்குப் போய்ப் புருஷன் முன்னால் நின்று, "எல்லாம் உங்க சிகரெட்டாலதான்" என்றாள். அவர் பஸ் ஓட்டுகிறவர். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிப்பார். மறுபேச்சுப் பேசாமல் கையிலிருந்த பாக்கெட்டைக் கசக்கிப் போட்டார். "விட்டுடறேன். வெறும் வாயா இருக்க முடியாது, வேற ஏதாவது சொல்லு" என்று கேட்டார்.

ஆவியில் வந்தது தன் கை மாசுதான் என்று அன்று அவளும் நம்பிவிட்டிருந்ததால் அவளே சொன்னாள். "அந்த ஜீரோ பாட்டில் வாங்கிக்கங்க. அதுல ஒண்ணும் இல்ல, நானே அளந்தேன்."

அன்றிலிருந்து அவர் சிகரெட்டைத் தொடவில்லை. இன்னொன்றும் செய்தார். காலையில் அவள் சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைப்பதற்கு முன்பு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். சாயங்காலம் அவள் கையிலிருந்து பையை வாங்குவதற்கு முன்னாலும் கழுவுவார். முதலில் அவளுக்கு அது சரியான தண்டனை என்று தோன்றியது. பிறகு பழகிவிட்டது. அவள் வேலையில்லாமல் இருந்த மூன்று வருஷமும் அவள் சாமான் எதையும் தொடுவதற்கு முன் கழுவினார். எட்டு வருஷம் அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவரும் நிறுத்தவில்லை.

உண்மை வெளியே வந்தது போன மழைக்காலத்தில். அந்தப் பாட்டில் வாங்கினால் கார்ட்ரிட்ஜ் எப்போதும் இலவசம். புருஷன் பத்து நாளைக்கு ஒன்று மாற்றுவார். மாற்றுவதற்கு முந்தின இரண்டு நாளும் வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியாது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார். புதியது மாட்டினால் ஒரு மணி நேரத்தில் தங்கமான மனிதர் ஆகிவிடுவார். குணமே அப்படி என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அந்த மழையில் கடை ஒரு வாரம் மூடிக் கிடந்தது. வீட்டில் திரவம் இருந்தது, புதுக் கார்ட்ரிட்ஜ் இல்லை. பழையதையே கழுவிக் கழுவி ஊற்றி இழுத்தார். மூன்றாம் நாள் கை நடுங்கியது. நான்காம் நாள் டம்ளரைச் சுவரில் எறிந்தார். பிறகு தானே உட்கார்ந்து சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு, "எனக்கு என்னமோ ஆயிடுச்சு. ஒண்ணுமில்லாத தண்ணிக்கு இப்படி ஏங்கறேனே, நான் மனுஷன்தானா?" என்று அழுதார்.

தராசக்கா துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். பூஜ்யத்துக்கு யாராவது ஏங்குவார்களா? திரவம் அதே திரவம். மாறியது கார்ட்ரிட்ஜ் மட்டும்.

கடை திறந்த அன்று ஒரு புதுக் கார்ட்ரிட்ஜை வாங்கி உடைத்து, உள்ளிருந்த பஞ்சைக் கரைப்பானில் ஊறப்போட்டு, ஜி.சி. கருவியில் செலுத்தினாள். ஒரு துளிக்குள் இருப்பதையெல்லாம் தனித்தனியாகப் பிரித்துத் திரையில் மேடு மேடாக வரைந்து காட்டுகிற கருவி அது. ஒவ்வொரு பொருளும் தன் நேரத்துக்குத்தான் வரும். அவர்கள் கருவியில் நிகோடின் ஏழாவது நிமிடம் வரும். அன்றும் தவறாமல் வந்தது, கோயில் கோபுரம் மாதிரி.

நிகோடின் பாட்டிலில் இல்லை. இலவசமாகக் கொடுத்த பஞ்சில் இருந்தது. சோதனைக்குப் பாட்டில்தான் போகும், கார்ட்ரிட்ஜை யார் பார்க்கப் போகிறார்கள்? பார்த்தவள் ஒருத்தி. அவளை அழுக்குக் கை என்று எழுதித் துரத்தியவர் நான்கே மாதத்தில் அதே கம்பெனிக்குத் தரக்கட்டுப்பாட்டுத் தலைவராகப் போய்ச் சேர்ந்திருந்தார். அது அவளுக்கு அப்போதே தெரியும், ஏன் என்பது இப்போதுதான் தெரிந்தது. வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டாள்.

அவளே வாங்கி உடைத்த பஞ்சு சாட்சிக்கு நிற்காது. கடைகளில் மாதிரி எடுத்துக் கூடத்துக்கு அனுப்புகிற அரசு இன்ஸ்பெக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். இன்ஸ்பெக்டரம்மா கடையில் போய்ப் பாட்டிலும் கார்ட்ரிட்ஜுமாக இரண்டு ஜோடி வாங்கி, கடைக்காரர் கையெழுத்தோடு சீல் வைத்துக் கூடத்துக்கு அனுப்பினார். ஒரு ஜோடியைச் சோதித்து, ஆவியில் நிகோடின் உண்டு என்ற முடிவு கம்பெனிக்குப் போயிற்று. எதிர்பார்த்தபடியே கம்பெனி குதித்தது. எங்கள் பிரதிநிதி முன்னால் மறுசோதனை செய்யுங்கள் என்று கேட்டது. அந்தப் பிரதிநிதிதான் செண்ட்டு சார்.

பதில் கடிதத்தைத் தராசக்காவே எழுதினாள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். 'நிறுவனம் விரும்பினால் தன் சொந்தக் கார்ட்ரிட்ஜையும் கொண்டுவந்து சோதிக்கலாம்.'

இன்ஸ்பெக்டரம்மா படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன அக்கா இது? அவரு சுத்தமான பஞ்சு வெச்சு ஒண்ண செஞ்சு எடுத்துட்டு வருவாரு. நீங்களே வழி காட்டறீங்க!"

"வரட்டும். அதத்தான் கேக்கறேன்."

புதன்கிழமை மத்தியானம் கூடத்தில் அவள் தனியாக இருந்தாள். பூட்டிய அலமாரியில் சுத்தமான நிகோடின் சின்னச் சீசாவில் இருந்தது, அளவுக்கு வைத்து ஒப்பிடுவதற்காக. சாவி அவளிடம்தான். இயந்திரத்தின் வாயில் ஒரு துளி தடவினால் போதும், அந்த ஆள் எதைக் கொண்டுவந்தாலும் மேடு வரும், மானம் கப்பலேறும். நினைத்தாள். நன்றாகவே நினைத்தாள். எங்கே தடவுவது என்பது வரைக்கும் யோசித்தாள். பிறகு சாவியைக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டாள். பொய்யாக அவரைச் சாய்த்தால் அவர் எழுதிய குறிப்பு உண்மையாகிவிடும். அவளுக்கு முழுப் பழி வேண்டும்.

வியாழக்கிழமை வாசனை முதலில் வந்தது, பின்னால் அவர். தலை நரைத்திருந்தது, தொப்பை போட்டிருந்தது, சிரிப்பு மாறவில்லை.

"அட, நீயாமா? நல்லாருக்கியா? வீட்ல அவரு இன்னும் புகைக்கிறாரா?"

"விட்டுட்டாரு சார். உங்க ஜீரோவுக்கு மாறிட்டாரு."

"சந்தோஷம்! நாலு பேருக்கு நல்லது செய்யத்தான் இருக்கோம்." பெருமையாக இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்தார்.

"சார், ஒரு சின்ன விஷயம். போன தடவ என் கை மேல சந்தேகம் வந்துச்சு. இந்தத் தடவ நான் எதையும் தொடப் போறதில்ல. எல்லாத்தையும் நீங்களே செய்யுங்க. நான் தள்ளி நின்னு படிமுறையப் படிக்கறேன்."

அவர் முகம் மலர்ந்தது. "அதான் சரி. நியாயமான பொண்ணு."

"முதல்ல கோட்டக் கழட்டிட்டுக் கை கழுவணும். முழங்கை வரைக்கும்."

கழுவினார். "வாசனை போகல சார், இன்னொரு தடவ" என்றாள். கழுவினார். மூன்றாம் தடவையும் கழுவ வைத்தாள். அது படிமுறையில் இல்லை, அவள் ஆசைக்கு. பிறகு அவர் கையுறை போட்டதும், கூடத்தின் இன்னொரு பகுப்பாய்வாளர் அதன் மேல் ஈரப் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சைக் கரைப்பானில் ஊறவைத்து ஜி.சி.யில் செலுத்தினார். ஏழாவது நிமிடம் வந்தது, போனது, கோடு தரையோடு தரையாக ஓடியது. நிகோடின் இல்லை.

"கை சுத்தம்னு கையெழுத்துப் போடுங்க சார்."

போட்டார்.

"எந்தக் கார்ட்ரிட்ஜ் முதல்ல?"

"எங்களோடத வெச்சே ஆரம்பிப்போம்." பையிலிருந்து ஒன்றை எடுத்தார். கம்பெனி அட்டைப்பெட்டி, கம்பெனி எண், எல்லாம் பொருத்தம். கடையில் வாங்கிய பாட்டிலின் சீலை இன்ஸ்பெக்டரம்மா உடைத்துக் கொடுத்தார். செண்ட்டு சார் திரவத்தை ஊற்றி, தராசில் எடை பார்த்து, இயந்திரத்தில் மாட்டினார். நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தில் புகைத்துக்கொண்டிருப்பதால் அந்த இயந்திரத்துக்குக் கூடத்தில் 'மாப்பிள்ளை' என்று பெயர். மாப்பிள்ளை அரை நிமிடத்துக்கு ஒரு தடவை மூன்று விநாடி இழுத்தது. ஐம்பது இழுப்புக்கு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அவரே வடிகட்டித் தாளை எடுத்தார், கரைப்பானில் போட்டுக் குலுக்கினார், கருவியில் வைத்தார்.

ஏழாவது நிமிடத்தில் ஒன்றுமில்லை. எட்டிலும் இல்லை.

"பாத்தீங்களாம்மா?" என்று இன்ஸ்பெக்டரம்மாவிடம் திரும்பினார். "பாட்டில்லயும் இல்ல, ஆவிலயும் இல்ல. அப்போ உங்க முதல் முடிவு எங்கேருந்து வந்துச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல." தராசக்காவின் கையைப் பார்த்துச் சிரித்தார்.

தராசக்கா குரலை உயர்த்தவில்லை. "அப்படின்னா இயந்திரம் சுத்தம், கண்ணாடி சுத்தம், கரைப்பான் சுத்தம், செஞ்சவர் கையும் சுத்தம். ஒத்துக்கறீங்களா சார்?"

"சந்தேகமே இல்லாம."

"அதை உங்க கையாலயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

ஜெயித்த வேகத்தில் எழுதினார். பேனா அதே மாதிரி பேனா, சாய்ந்த எழுத்து அதே எழுத்து. எழுதி முடித்து மூடியைப் போடப் போனபோது தராசக்கா சொன்னாள்.

"ரொம்ப நன்றி சார். எட்டு வருஷத்துக்கு முன்னாடி பிளாங்க் எங்கன்னு கேட்டீங்க. என்கிட்ட அப்ப சுத்தமான கார்ட்ரிட்ஜ் இல்ல. இன்னிக்கு நீங்களே கொண்டுவந்து, நீங்களே ஓட்டி, நீங்களே கையெழுத்தும் போட்டுக் கொடுத்துட்டீங்க. இப்ப கடையில வாங்கின கார்ட்ரிட்ஜ மாட்டுங்க."

பேனா மூடி கீழே விழுந்து உருண்டது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறோம், கண்ணால் பார்க்கக் கொடுத்து வைக்க வேண்டும். தராசக்காவுக்குக் கொடுத்து வைத்திருந்தது. அவர் கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறுவதை அவள் அவசரமில்லாமல் பார்த்தாள்.

"ஒரு தடவ செஞ்சாச்சே. அதுவே போதுமே" என்றார்.

"மறுசோதனைன்னா சீல் வெச்ச மாதிரிய சோதிக்கறதுதான் சார்" என்று இன்ஸ்பெக்டரம்மா சீலை உடைத்தார். "நீங்க செய்யலன்னா மறுத்துட்டீங்கன்னு எழுதணும். எழுதட்டுமா?"

செய்தார்.  அதே பாட்டில், அதே தராசு, அதே மாப்பிள்ளை, அதே கை. ஐம்பது இழுப்பு முடிவதற்குள் அவர் இரண்டு தடவை தண்ணீர் கேட்டார். கூடத்துக்குள் குடிக்கக்கூடாது என்று தராசக்கா இரண்டு தடவையும் சொன்னாள்.

ஆறு நிமிடம் கோடு தரையில் ஓடியது. ஏழாவது நிமிடத்தில் எழுந்தது. எழுந்து, எழுந்து, திரையின் மேல் விளிம்பைத் தொட்டுத்தான் இறங்கியது.

"மாசு..." என்று ஆரம்பித்தவர், மேஜை மேல் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இன்ஸ்பெக்டரம்மா அறிக்கையை அச்செடுக்க அடுத்த அறைக்குப் போனதும் அவர் நாற்காலியைக் கிட்டே இழுத்தார். குரல் தழைந்தது. "அம்மா, பழசெல்லாம் மனசுல வெச்சுக்காத. அன்னிக்கு அவசரத்துல எழுதிட்டேன். அந்தக் குறிப்ப உன் கோப்புலேருந்து எடுக்கச் சொல்லிடறேன். இன்னிக்கே ஃபோன் போடறேன். உன் பேரு சுத்தமாயிடும். இந்த ரெண்டாவது ஓட்டத்த மட்டும் கருவிக் கோளாறுன்னு..."

எட்டு வருஷமாக அவள் கேட்க ஏங்கிய வார்த்தை அது. அந்தக் குறிப்பு இல்லாமல் போக வேண்டும் என்று எத்தனை நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். இப்போது அது காலடியில் வந்து கிடந்தது. அவள் பையைத் திறந்து, நான்காக மடித்துப் பழுத்துப்போன ஒரு தாளை எடுத்து மேஜை மேல் விரித்தாள். குறிப்பின் நகல். வேலையை விட்டு அனுப்பியபோது கொடுத்தது.

"எடுக்க வேணாம் சார். அது அங்கேயே இருக்கட்டும்."

"ஏம்மா?"

"படிச்சுப் பாருங்க. 'திரவத்தில் நிகோடின் இல்லை. ஆவியில் காணப்பட்டது.' உங்க எழுத்து, உங்க தேதி. பஞ்சுல இருக்கறது தெரியவே தெரியாது, கம்பெனி என்னை ஏமாத்திடுச்சுன்னு நாளைக்கு நீங்க சொல்லுவீங்க. தெரியும்னு நீங்களே எழுதி வெச்ச சாட்சி உலகத்துல இது ஒண்ணுதான். இத அழிக்க விடுவேனா? பழைய கூடத்து மூலக் கோப்பு வேணும்னு இன்ஸ்பெக்டரம்மா போன வாரமே கடிதம் போட்டு, இன்னிக்குக் காலைல அது வந்தும் சேந்துடுச்சு."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வெளியே போகும்போது கோட்டை மறந்துவிட்டுப் போனார். தராசக்காவுக்குப் பரிதாபம் வரவில்லை. வருமா என்று கொஞ்ச நேரம் காத்துக்கூடப் பார்த்தாள். வரவில்லை. கோட்டைக் கிடுக்கியால் பிடித்துக் குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, காலையிலிருந்து திறக்காத சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முழுவதும் சாப்பிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக் கதவைத் தட்டியபோது புருஷன் திறந்தார். அவள் தோளில் பை தொங்குவதைப் பார்த்ததும் வழக்கம்போலக் குழாயடிக்குத் திரும்பினார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"கழுவாதீங்க" என்றாள்.

"என்ன?"

"உங்க கையில எதுவும் இல்ல. அன்னிக்கும் இல்ல. அந்தக் கார்ட்ரிட்ஜ் பஞ்சுலதான் நிகோடின் இருந்துச்சு, முடிவு கைக்கு வரட்டும்னு இத்தன நாள் சொல்லல. நாந்தான் வாங்கிக்கச் சொன்னேன்."

அவர் குழாயை மூடினார்.  என்ன சொல்கிறாள் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கையைத் துடைக்காமலே வந்து, அவள் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டார்.